ஹோலிஸ்டிக் தெரபி – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கணவரும் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறோம். மணமாகி ஆறு வருடம். எனக்குத் தூக்கம் கெட்டு, மனச்சோர்வுக்கு நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் எதைப் பேசினாலும் சண்டையில் முடிகிறது. ஒரு மையத்தில் 'ஹோலிஸ்டிக் தெரபி' என்று மூன்று மாத பேக்கேஜ் தருகிறார்கள். தனித்தனி கவுன்சலிங், தம்பதி கவுன்சலிங், பிராணாயாமம், உணவுமுறை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். முதல் வாரமே மாத்திரையை நிறுத்தலாமாம். சேரலாமா?

எஸ்., ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். நோய் திரும்பியதா, மருந்தை விட்டதன் விளைவா என்று பிரித்தறிவதும் கடினம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்வதுதான் வழக்கம். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லட்டும்.

'ஹோலிஸ்டிக்' என்ற சொல்லின் மேல் எனக்குப் புகார் இல்லை. உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்து நோயைப் பார்க்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977இல் எழுதினார். பார்க்கத்தான் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தாயிற்றா, மாலைக்கு மேல் எத்தனை காபி, வீட்டில் யார் யார் என்று முதல் அமர்விலேயே கேட்கிறார்களா பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். அதைப் பேசித் தீர்க்க முடியாது.

உங்களுக்கு முதலில் தூக்கம். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுங்கள், ஞாயிறு உட்பட. இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். பிராணாயாமம் என்றால் ஐந்து விநாடி இழுத்து ஐந்து விநாடி விடுவது, பத்து நிமிடம் போதும். படபடப்பு இருந்தால் கபாலபாதி இப்போது வேண்டாம். வேகமாக மூச்சுவிட்டு ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் விரல் மரக்கும், தலை சுற்றும். பயம் இன்னும் கூடும். உணவுமுறை காத்திருக்கட்டும்.

தம்பதி சிகிச்சையில் பலரும் பின்பற்றும் வரிசை இது: முதலில் இருவரும் சேர்ந்து, அடுத்து ஆளுக்கொரு தனி அமர்வு, பிறகு சேர்ந்தே. தனியாகச் சொன்னது மற்றவர் காதுக்குப் போகுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் தனிச் சிகிச்சைக்கு வேறொருவர் வேண்டும். மாதக்கணக்காக உங்கள் தரப்பையே கேட்டவர் முன்னால், இரண்டு பேருக்கு எதிரே உட்கார்ந்திருப்பதாகவே உங்கள் கணவருக்குத் தோன்றும். அடியோ மிரட்டலோ இருந்தால் சேர்ந்து உட்காரவே கூடாது. அறையில் சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.

இன்னொன்று, பெங்களூரில் அதிகம் கவனிக்கப்படாதது. சண்டை தமிழில், சிகிச்சை ஆங்கிலத்தில். ஆங்கிலம் சரளமாக வருகிறவரே நியாயஸ்தராகத் தெரிவார். 'ஒங்கம்மா வந்தா மட்டும்' என்று தொடங்கும் வாக்கியத்தை மொழிபெயர்த்துப் பாருங்கள், சூடே இருக்காது. தமிழ் தெரிந்தவரைத் தேடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே விசாரிக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவெண் கேளுங்கள்.

யாரிடம் போனாலும் மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். நான்கு அமர்வுக்குக் கட்டுங்கள். அதற்குள் எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள், சண்டைக்குப் பிறகு மறுபடி பேச எவ்வளவு நேரமானது என்று குறித்துவைத்து, ஐந்தாவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள்.