அமைப்பு மாற்றியம், கைரல் மையம்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: கார்பன் 4, ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 1. அமைப்பு மாற்றியங்கள் (வாய்பாடு ஒன்று, அணுக்கள் இணையும் விதம் வேறு) எத்தனை? விடைக்குறிப்பில் 7, எனக்கு 8 வருகிறது சார்.

7 சரி. முதலில் நிறைவுறாமையைப் பாருங்கள். கார்பனை இரட்டித்து 2 கூட்டினால் 10. அதில் ஹைட்ரஜன் 10 போனால் பூஜ்யம். அதனால் இரட்டைப் பிணைப்பும் இல்லை, வளையமும் இல்லை. ஆக்சிஜன் ஓரத்தில் நின்றால் ஆல்கஹால்: பியூட்டன்-1-ஆல், பியூட்டன்-2-ஆல், 2-மெத்தில்புரப்பன்-1-ஆல், 2-மெத்தில்புரப்பன்-2-ஆல். இரு கார்பன்களுக்கு நடுவே நின்றால் ஈதர்: டைஎத்தில், மெத்தில் புரொப்பைல், மெத்தில் ஐசோபுரொப்பைல். எட்டாவது ஒன்று வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஒரே சங்கிலியை வளைத்து இரண்டு முறை வரைந்திருப்பீர்கள், இல்லையென்றால் பியூட்டன்-2-ஆலின் ஆடிப் பிம்ப வடிவங்களான ஆர் (R), எஸ் (S) இரண்டையும் தனித்தனியாக எண்ணியிருப்பீர்கள். வரைந்த ஒவ்வொன்றுக்கும் ஆர், எஸ் சேர்க்காமல் ஐயூபாக் பெயர் எழுதுங்கள். பெயர் ஒன்றானால் அமைப்பும் ஒன்றுதான்.

நீட் மாணவர்: எனக்கு ஆர், எஸ் எப்போதும் தலைகீழாக வருகிறது.

முன்னுரிமை மிகக் குறைந்த நான்காம் குழு பின்னால் இருக்கும்போது, மற்ற மூன்றும் முன்னுரிமை வரிசையில் கடிகாரத் திசையில் போனால் ஆர், எதிர்த்திசையில் போனால் எஸ். உங்கள் படத்தில் அந்த நான்காம் குழு உங்களைப் பார்த்து நிற்கிறது. ஃபிஷர் படத்தில் (மையத்தைச் சிலுவையாக வரைவது) கிடைக்கோடுகள் முன்னால் வருபவை. ஹைட்ரஜன் அங்கே இருந்தால் வந்த விடையைத் திருப்பிப் போடுங்கள். படத்தை 90 டிகிரி சுற்றவே கூடாது.

பி.எஸ்ஸி. மாணவர்: எல்-அமினோ அமிலம் எல்லாமே எஸ் தானே?

சிஸ்டீன் ஆர். முன்னுரிமையில் நைட்ரஜனுக்கு அடுத்த இடம் யாருக்கு என்பதில்தான் சிக்கல். கார்பாக்சில் கார்பனில் ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன்; பக்கச்சங்கிலிக் கார்பனில் சல்பர், ஹைட்ரஜன், ஹைட்ரஜன். மூன்றையும் கூட்டிப் பார்ப்பதால்தான் தவறுகிறார்கள். முதல் வேறுபாட்டிலேயே, அணு எண் பெரிய சல்பர் ஜெயித்துவிடும். கிளைசினில் அந்தக் கார்பனில் ஹைட்ரஜன் இரண்டு, அதனால் ஆரும் இல்லை, எஸ்ஸும் இல்லை.

இன்னொருவர்: ஆர் என்றால் வலஞ்சுழியா, அதாவது தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்புமா?

இல்லை. ஆர் என்பது தாளில் போடும் விதி, ஒளிச் சுழற்சி போலாரிமீட்டர் என்ற கருவியில் அளப்பது. ஸ்பியர்மின்ட் வாசனை தரும் ஆர்-கார்வோன் இடஞ்சுழி. சதகுப்பையில் இருக்கும் எஸ்-கார்வோன் வலஞ்சுழி.

பள்ளி ஆசிரியர்: ஸ்டீரியோ மையம், கைரல் மையம் இரண்டும் ஒன்றுதானே? நான் அப்படித்தான் நடத்துகிறேன்.

ஒன்றல்ல. இரண்டு குழுக்களை இடம் மாற்றினால் புதிய புறவெளி மாற்றியம் (இணைப்பு ஒன்று, வெளியில் அமையும் விதம் வேறு) வருகிறதா? வந்தால் அது ஸ்டீரியோ மையம். 1,4-டைமெத்தில்சைக்ளோஹெக்சேனில் முதல் கார்பனை எடுங்கள். வளையத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே பாதை, அதனால் நான்கு வெவ்வேறு குழுக்கள் கிடையாது, கைரல் மையம் இல்லை. ஆனால் மெத்திலையும் ஹைட்ரஜனையும் மாற்றினால் சிஸ் (மெத்தில்கள் ஒரே பக்கம்) டிரான்ஸாகிவிடும் (எதிரெதிர்ப் பக்கம்), அதனால் அது ஸ்டீரியோ மையம்.

அதே ஆசிரியர்: அப்படியானால் பியூட்-2-ஈனிலும் ஸ்டீரியோ மையம் உண்டு என்பீர்களா?

உண்டு, இரண்டு: இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்கள்.

வேறொரு ஆசிரியர்: பிள்ளைகளைக் குழப்பாதீர்கள். தேர்வில் யார் கேட்கப்போகிறார்கள்?

குழப்புவது இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதுதான். வேதியியலாளர்கள் மிஸ்லோவும் சீகலும் 1984-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். தேர்வுக்குக் கைரல் மையம் போதும். அதை அந்தப் பெயரிலேயே சொல்லிக்கொடுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர்: டார்டாரிக் அமிலத்தில் கைரல் மையம் இரண்டு, புறவெளி மாற்றியம் ஏன் நான்கு இல்லை?

மூன்றுதான். இரு மையங்களிலும் ஒரே நான்கு குழுக்கள். ஆர்-எஸ் என்பதைத் திருப்பிப் பிடித்தால் எஸ்-ஆர். அதுதான் மீசோ, மூலக்கூறின் உள்ளேயே ஆடித்தளம் உண்டு, ஒரு பாதி மறு பாதியின் பிம்பம்.

ஒருவர்: பென்சீன் உடனிசைவு பற்றிச் சொல்லுங்கள்.

இங்கே வேண்டாம்.

மற்றொருவர்: சார், ஆர், எஸ் தலைகீழாக...

ஹைட்ரஜன் எந்தக் கோட்டில் இருக்கிறது?