ஏர் பிஸ்டல் வாங்க லைசன்ஸ் வேண்டுமா? 6 அடி-பவுண்டைத் தாண்டினால் குற்றமா?

நீங்கள் பிரிட்டன்காரர்கள் வீடியோ எதையோ பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏர் பிஸ்டல் என்பது காற்றழுத்தத்தில் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, சுடுவது. அந்தக் குண்டின் சக்தியை அளப்பதுதான் அடி-பவுண்டும் ஜூலும். 6 அடி-பவுண்டு அவர்கள் ஊர்க் கணக்கு. ஜெர்மனியில் 7.5 ஜூல். இந்தியாவில் நமக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள்தான். குழலின் விட்டம் 4.5 மி.மீ., குழலை விட்டு வெளியேறும்போது பெல்லட்டின் சக்தி 20 ஜூல். இந்த இரண்டையும் தாண்டாவிட்டால் லைசன்ஸ் வேண்டாம். பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் ஒரே அளவுதான். 5.5 மி.மீ. என்றால் லைசன்ஸ் வேண்டும்.

10 மீட்டர் போட்டிக்கு வாங்குவதானால் கவலையே வேண்டாம். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகும். கணக்குப் போட்டால் 6 ஜூல்கூட வராது.

இவ்வளவையும் நான் மனப்பாடம் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது மாநிலப் போட்டிக்காக வெளியூர் போனோம். விடிகாலை ரயில் நிலையத்தில் பையைச் சோதித்தவர்கள் பெட்டியைத் திறந்ததும் எங்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். “லைசன்ஸ் எங்கே?” என்பதே திரும்பத் திரும்பக் கேள்வி. தேவையில்லை சார் என்றால், “துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லையா?” என்று சத்தம். பில் வீட்டில் இருந்தது. போட்டிக் கடிதம் போனில் இருந்தது, அதைப் பார்க்க யாரும் தயாராக இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து மேலதிகாரி ஒருவர் வந்து, விதியைப் படித்துப் பார்த்து அனுப்பினார். அதற்குள் அவளுடைய டீடெயில், அதாவது அவள் சுட வேண்டிய சுற்று, தொடங்கியிருந்தது. 75 நிமிடத்தில் 60 ஷாட் அடிக்க வேண்டிய பிள்ளை, கை நடுங்க நடுங்கப் பாதி நேரத்தில் போய் நின்றாள்.

காவல்துறையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் பாய வேண்டாம். பெட்டிக்குள் பிஸ்டல் இருந்தால் கேட்பது அவர்கள் கடமை. கேட்டுவிட்டு, போனில் இருந்த கடிதத்தையாவது வாங்கிப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். ‘வீட்டுக்குள் துப்பாக்கி எதற்கு’ என்று எழுத வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: பூட்டிய பெட்டி, பெல்லட் தனி அலமாரி, சாவி என்னிடம். குருவி, கொக்கு சுடத்தான் கேட்கிறீர்கள் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை. அது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், 20 ஜூல் கணக்கு அங்கே காப்பாற்றாது.

அந்தப் போட்டிக்குப் போன நான்கு நாளுக்கும் பள்ளியில் ஆப்சென்ட் போட்டார்கள். அடுத்த வருடம் பதக்கம் வாங்கியதும் அதே பள்ளி வாசலில் அவள் படத்தோடு பெரிய ஃபிளக்ஸ் வைத்தது. வருகைப் பதிவை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

சரி, வாங்கும்போது கடையில் பில்லில் மாடல் பெயர், வரிசை எண், 4.5 மி.மீ. எல்லாம் எழுதச் சொல்லுங்கள். ஜூல் அளவு அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும், அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள். விளம்பரத்தில் ‘நொடிக்கு 1000 அடி’ என்று இருந்தால் உஷார். அரை கிராம் பெல்லட் அந்த வேகத்தில் போனால் 23 ஜூல் ஆகிவிடும். பில், நகல், போட்டிக் கடிதம் மூன்றையும் தாளாகவே பெட்டிக்குள் வையுங்கள், போனை நம்பாதீர்கள்.