‘மக்கும்’ என்று அச்சடித்தால் விற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளிர் குழுவாகச் சேர்ந்து ஷாம்பு கட்டி செய்கிறோம். 80 கிராம் கட்டி ₹180. பிளாஸ்டிக் பாட்டில் இல்லை என்பதற்காக ஆசையாக வாங்குகிறவர்கள் இரண்டாம் தடவை வருவதில்லை. “முடி பிசுபிசுவென்று ஆகிறது” என்கிறார்கள். விளம்பரத்தை மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: விளம்பரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்கிற கட்டிக்கு என்ன பெயர் வைத்தாலும் அது சோப்புதான். உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகி முடியில் படிந்துவிடும். அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் இதுதான். கலப்படம் இல்லாமல் செய்தாலும் வரும்.

சோதிப்பது சுலபம். கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர் எடுத்து, கட்டியில் ஒரு சிட்டிகை சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை கலையாமல் நின்று, அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தால் சிக்கலில்லை. நுரை வராமல் பால்போல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால், அந்த ஊரில் இந்தக் கட்டி திரும்ப விற்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் அல்லது அரை எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றச் சொல்வது. புளிப்பு அந்தத் திப்பியை உடைத்துவிடும். இதை உறையின் மேலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். இன்னொன்று, சோப்புக்குப் பதில் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்ற மூலப்பொருளில் கட்டி செய்வது. அது தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து வருவது. உப்புத்தண்ணீரில் திப்பி கட்டாது. தூளாக வாங்கினால் மூக்கில் ஏறி இருமல் வரும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் பையைப் பிரிக்க வேண்டாம். எந்த வழியானாலும் அழகுசாதனம் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும்.

விலையையும் பார்க்க வேண்டும். ₹180 கொடுத்து ஒருவர் சோதனை செய்து பார்க்கமாட்டார். 1980களில் கடலூரிலிருந்து வந்த சிக் ஷாம்பு, பாட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கும் சின்னப் பாக்கெட்டில் போனது. அந்தப் பாக்கெட்டுகளின் குப்பை இன்று நம் வாய்க்கால்களில் கிடக்கிறது என்பது வேறு வேதனை. ஆனால் முதல் தடவை வாங்கும் விலை சிறிதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு சரியானது. 15 கிராம் துண்டை வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். ஐந்து வீடுகளில் முழுக் கட்டியைக் கொடுத்து எத்தனை தலைக்குளியலுக்கு வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். 50 வந்தால் ஒரு தடவைக்கு ₹3.60 என்று தைரியமாக எழுதலாம். வேறொருவர் விளம்பரத்தில் பார்த்த எண்ணைப் போடாதீர்கள். துளையுள்ள சோப்புப் பெட்டியில் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஈரத்தில் ஊறிக் கரைந்துபோகும் பாதிக் கட்டியும் வாங்கினவர் கணக்கில் நஷ்டம்தான்.

கேள்வி: பாக்குமட்டைத் தட்டு உறையில் “100% இயற்கை, உடலுக்கு நல்லது, பூமியின் நண்பன்” என்று அச்சடிக்கலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இயற்கை’, ‘பசுமை’, ‘பூமிக்கு நல்லது’ போன்ற பொதுவான சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது. சொல்வது தட்டைப் பற்றியா, உறையைப் பற்றியா, செய்முறையைப் பற்றியா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் தட்டை வைத்து மேலே ‘மக்கும்’ என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

‘உடலுக்கு நல்லது’ என்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள். 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்குமட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்பது அதன் கவலை. வாடிக்கையாளர் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். ஏற்றுமதிக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அந்த நாட்டு விதியை முதலில் பாருங்கள்.

அப்படியானால் எதை எழுதுவது? நீங்களே செய்து பார்த்ததை எழுதுங்கள். “பாக்கு மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டை. பசையோ பூச்சோ சேர்க்கவில்லை. கொதிக்கும் சாம்பாரை அரை மணி நேரம் வைத்தும் கசியவில்லை.” மக்குவதைச் சொல்ல வேண்டுமானால், தட்டை நான்கு துண்டாக்கி உரக்குழியில் போட்டு, போட்ட தேதியையும் உருத்தெரியாமல் போன தேதியையும் படத்தோடு குறித்துவையுங்கள். அந்த நாள் கணக்கு வாடிக்கையாளருக்குக் காட்ட உதவும்; ஆனால் ‘மக்கும்’ என்று உறையில் அச்சடிக்க அது மட்டும் போதாது, சான்றிதழோ நம்பத்தக்க அறிவியல் ஆதாரமோ வேண்டும். உறையில் கியூஆர் குறியீடு போட்டு அந்தப் படங்களைக் காட்டலாம்.

உங்கள் பெரிய வாடிக்கையாளர் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்தான். தட்டு ஒரே அளவாக அடுக்கில் உட்கார வேண்டும், ஓரம் கிழிந்திருக்கக் கூடாது, 25 எண்ணிக்கைக் கட்டாக முதல் நாளே வந்துசேர வேண்டும் என்றுதான் அவர் பார்ப்பார். ஒரு பந்தியில் இரண்டு தட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அடுத்த கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடமாட்டார். பெரும்பாலும் தவறு நடப்பது மழைக்காலத்தில், அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு அடுக்கிக் கட்டிவிடுவதால்தான். உள்ளே நிற்கும் ஈரம் போக வழியில்லை. தனித்தனியாகப் பரப்பி ஆறவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு கட்டுங்கள். பூஞ்சை வந்த தட்டைத் துடைத்து விற்காதீர்கள், உரக்குழியில் போடுங்கள்.

கேள்வி: கீரைக்கடையில் ‘மக்கும் பிளாஸ்டிக் பை’ தரலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அதில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரமும் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அது ஏறக்குறைய 58 டிகிரி வெப்பம் இருக்கும் ஆலை உரக்கிடங்கில் மக்கத்தான் செய்யப்பட்டது. கொல்லையில் வீசினால் சீக்கிரம் மக்காது. கீரைக்கு வாழை நாரே போதுமே.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துணிப்பை மாதிரியே இருக்கும் பை மலிவாகக் கிடைக்கிறது. அதையே தரலாமா? மஞ்சப்பை விற்றாலும் ஜனங்கள் அடுத்த முறை கொண்டுவருவதில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வது நான்-ஓவன் (நெய்யாத) பையாகத்தான் இருக்கும். அது துணியல்ல, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அதுவும் உண்டு. ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீயில் காட்டுங்கள்: பருத்தி சாம்பலாகும், இது உருகி மணியாகத் திரளும்.

பருத்திப் பையும் ஒரே தடவை பயன்படுத்தினால் பலனில்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, வெப்பமயமாதலை மட்டும் பார்த்தாலே, பிளாஸ்டிக் பைக்கு ஈடாகச் சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்த வேண்டும். ஆகவே பை விற்பதைவிடப் பை திரும்பி வருவதுதான் உங்கள் வேலை. கோயம்பேட்டில் 2022இல் வைத்த இயந்திரத்தில் ₹10 போட்டால் மஞ்சப்பை வந்தது. உங்கள் கடையில் அந்த ₹10ஐ முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழியாத பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் திரும்பும், மறந்து வந்தவருக்கு அதே பை போகும். அரிசிப்பை தைக்கும்போது கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தையல் போடச் சொல்லுங்கள். ஒற்றைத் தையல் ஐந்து கிலோவுக்கே பிரிந்துவிடும். துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்து வெட்டினால் துவைத்த பிறகு சுருங்காது. கடைப் பெயரைச் சின்னதாகப் போடுங்கள். பெரிதாக விளம்பரம் அடித்த பையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கோ விசேஷத்துக்கோ போகப் பலரும் கூச்சப்படுவார்கள்.