நண்டு முதலில் கண்ணை அனுப்பியது

அன்புள்ள அக்காவுக்கு,

நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் கட்டுரையை மனப்பாடம் செய்தே எழுதுகிறார்கள். ஒருநாளாவது சொந்தமாக எழுதட்டும் என்று போன மாதம் 28 பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். ஓடினார்கள், கிளிஞ்சல் பொறுக்கினார்கள், நனைந்தார்கள். திரும்பி வந்து எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே கட்டுரை. ‘கடல் நீல நிறமாகக் காட்சியளித்தது. அலைகள் கரையை முத்தமிட்டன. மனதிற்கு மகிழ்ச்சி அளித்தது.’ இவர்களில் பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அதில் ஒரு பையன் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு, ‘தினம் பாக்குறதுதானே டீச்சர், இதுல எழுத என்ன இருக்கு?’ என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே தவறினேன்? பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

28 பேரை வகுப்பைவிட்டு வெளியே கூட்டிப்போனீர்களே, முதலில் அதற்கு என் வணக்கம்.

‘அலைகள் கரையை முத்தமிட்டன’ என்பது கட்டுரை நோட்டிலிருந்து வந்த வரி. கடல் என்று சொன்னதுமே பிள்ளையின் கை அந்தப் பக்கம் போய்விடுகிறது. கடல் அவ்வளவு பெரிது, டீச்சர். அதைப் பற்றி எழுத எனக்கே வராது. அடுத்த முறை ‘கடலைப் பற்றி எழுதுங்கள்’ என்று சொல்லாதீர்கள். அலை எட்டாத மேட்டு மணலில் உட்காரவைத்து, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள்.

கோடை விடுமுறைகளில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது நான் மணல்நண்டு வளையில்தான் தொடங்குவேன். ஒரு வளைக்கு இரண்டு பேர். இருபது நிமிடம். பேசக் கூடாது, அசையக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் சிரிப்பும் நெளிதலுமாகப் போகும். அதற்குப் பிறகு அமைதியாகிவிடுவார்கள். காலடி அதிர்வு நின்றதும் நண்டு வரும். வளையின் வாயில் இரண்டு கண்கள், தீக்குச்சியை நட்டுவைத்ததுபோல. பிறகு ஒரு கால். பிறகு அணைத்துக்கொண்டு வந்த ஈர மணலை வெளியே வீசிவிட்டு மறுபடி உள்ளே. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள்: ‘நண்டு முதலில் கண்ணை மட்டும் அனுப்பியது. கண் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்ன பிறகுதான் உடம்பு வந்தது.’ அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். உவமை எழுது, கற்பனை சேர் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

உங்கள் கரையில் அடப்பங்கொடி படர்ந்திருக்கும். ஆளுக்கொரு இலையைக் கையில் கொடுத்து, இது எதுபோல இருக்கிறது என்று கேளுங்கள். நுனி பிளந்த இலை. பட்டாம்பூச்சி என்பார்கள், இதயம் என்பார்கள். ஒரு பையன் ‘முட்டிபோட்டு உக்காந்தா பின்பக்கம் இப்படித்தான் இருக்கும்’ என்றான். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு குறுந்தொகை 243ஆம் பாட்டின் வரியைச் சொல்லுங்கள்: ‘மானடி யன்ன கவட்டிலை அடும்பின்’. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு புலவர் இதே இலையைப் பார்த்து மானின் குளம்பு என்றிருக்கிறார். 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு லத்தீனில் பெயர் வைத்தபோது ஆட்டுக்கால் என்று வைத்தார். ஒருவருக்கு மான், இன்னொருவருக்கு ஆடு, நம் பையனுக்கு முட்டிபோட்ட ஆள். மூன்று பேரும் இலையைப் பார்த்தவர்கள். வரியை முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் 28 பேரும் மானடி என்றுதான் எழுதுவார்கள்.

இனி அந்தப் பையன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அவன்தான். வகுப்பில் பொய் எழுதாத ஒரே பிள்ளை அவன். நீலக் கடல், மகிழ்ச்சி என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று அவன் சொன்னதற்கும் காரணம் உண்டு. அவனிடம் இருப்பதெல்லாம் வீட்டில் புழங்குகிற சொல். அது கட்டுரைக்கு ஆகாது என்று எப்போதோ, யாரோ அவனுக்குப் புரியவைத்திருக்கிறோம். பாடத்தில் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நான்கு காற்றை ஒப்பிக்க வைக்கிறோம். அதில் வாடையும் கொண்டலும், இன்று தொழிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று அவன் அப்பா யோசிக்கிற சொற்கள். இதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

எனக்குக் கைகொடுத்த வழி இது. கடலோரப் பிள்ளை ஒருவர், வயல்காட்டுப் பிள்ளை ஒருவர் என்று ஜோடி சேர்ப்பேன். வயல்காட்டுப் பிள்ளை கேட்க வேண்டும், கடலோரப் பிள்ளை சொல்ல வேண்டும், கேட்டவர் எழுத வேண்டும். ஒருமுறை ஒருவன், ‘கச்சான் வீசுனா கரையோரம் கடல் அமந்து கெடக்கும்’ என்றான். பக்கத்திலிருந்தவன் ‘கச்சான்னா யாரு?’ என்று கேட்டான். இவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனைக் கடலைப் பார்க்க நிற்கவைத்து, ‘முதுகுல அடிக்குதுல்ல, ஊருக்குள்ளேருந்து வர்ற காத்து, அதான்’ என்று காட்டிக்கொடுத்தான். அன்று எழுதப்பட்ட பக்கம் இப்படித் தொடங்கியது: ‘கச்சான் ஒரு ஆள் என்று நினைத்தேன். அவர் வந்தால் கடல் அடங்கி உட்காரும்.’ ஒருவனுக்குச் சொல் இருந்தது, மற்றவனுக்கு வியப்பு இருந்தது. அடுத்த வாரம் இடம் மாற்றி, வயலுக்குக் கூட்டிப்போனோம்.

‘கச்சான்’ என்பதை அடித்துவிட்டு ‘மேற்குக் காற்று’ என்று சிவப்பு மையால் எழுதிவிடாதீர்கள், டீச்சர். எழுத்துப்பிழையை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணும் வேண்டாம்.

நீல நிறத்துக்கு ஒரு கண்ணாடிக் குவளை போதும். கடல்நீரை முகந்து வெயிலில் வையுங்கள். மழைக்காலத்தில் உங்கள் பக்கத்துக் கடல் ஆற்று மண் கலந்து பழுப்பாக இருக்கும், மற்ற நாளில் பச்சையாகவும் தெரியும். குவளையில் அடியில் மணலும் மேலே நிறமில்லாத தண்ணீரும்தான் இருக்கும். ‘நீலம் எங்க போச்சு?’ என்று அவர்களே கேட்பார்கள்.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனைத் தொடக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 உங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் இன்னும் முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் கடல் பக்கமே திரும்பாத ஓர் ஆத்தா வீட்டில் இருக்கலாம். அதைப் பற்றி எழுது என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளை தானாக எழுதிவந்தால் வகுப்பில் உரக்க வாசிக்காமல், தனியாகக் கூப்பிட்டு, படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். வனத்துறையினர் அவற்றை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்துவைப்பார்கள், ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு வரும். கடலில் விடும் நாளை முன்கூட்டியே கேட்டுவைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அன்றைக்கு மட்டும் நோட்டும் பேனாவும் வேண்டாம். மறுநாள் முதல் பீரியடில் தாளைக் கொடுங்கள். அந்தப் பையன் என்ன எழுதினான் என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா