வாடகை வீட்டில் டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு வயர்தான் உள்ளே வருகிறது. இரண்டாவது டிவியில் பாதிச் சேனல்களுக்கு ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. டிஷ்ஷைத் திருப்ப வேண்டுமா?

டிஷ்ஷைத் தொடாதீர்கள். முதலில் ஹோலில் இருக்கும் பொக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு அறையில் உள்ள டிவியைப் போட்டுப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் சில பொக்ஸ்கள் வயரில் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றியதும் வராத சேனல்கள் எல்லாம் வந்துவிட்டால் டிஷ்ஷிலும் பிழை இல்லை, அதன் முன்னால் நின்று அலையை வாங்கும் தலையான எல்.என்.பி.யிலும் பிழை இல்லை. ஒரு வயரை ஸ்பிளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்ததுதான் பிழை.

ஸ்பிளிட்டர் போட்டதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரே வயரில் இரண்டு பொக்ஸ் என்றால் போட்டுத்தான் இருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

நாங்கள் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இரண்டே ஒழுங்கைகள். பாலையூற்றில் தனியாக இருந்த அப்பாவைக் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்களோடு கூட்டிவந்து பின்னறையைக் கொடுத்தோம். அவருக்கு 77 வயது. ஃபோனில் படம் பார்க்க அவருக்குக் கண் இடம் கொடுக்காது. இரவுச் செய்தியும் காலையில் கோயில் நிகழ்ச்சியும் இருந்தால் போதும். அதற்காகச் சின்ன டிவி ஒன்றும் இரண்டாவது பொக்ஸும் வாங்கினேன். வீட்டுக்கார அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்: “தம்பி, சுவரில ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்.” கூரையிலிருந்து ஹோலுக்கு வரும் ஒரு வயர்தான் எங்களுக்கு. கடையில் கேட்டேன், ஸ்பிளிட்டரை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டேன். இரண்டு டிவியிலும் படம் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே தொல்லை தொடங்கியது. பிள்ளைகள் ஹோலில் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று படம் போகும். அப்பாவின் அறையில் சில சேனல்கள் வரும், சில வராது. மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் டிஷ்ஷைத் திருப்பிவிட்டுக் காசு வாங்கினார். இரண்டாமவர் எல்.என்.பி. மாற்றினார். மூன்றாமவர் பொக்ஸே பழுது என்றார். மூன்று பேரில் ஒருவர்கூட ஹோலில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று கேட்கவில்லை. அவர்கள் வெயிலில் கூரை ஏறிப் பிழைப்பவர்கள், அந்த உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

காரணம் இதுதான். டிஷ்ஷிலிருந்து படம் வரும் அதே வயரில் பொக்ஸ் எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் எல்.என்.பி. நிலைக்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ட் போனால் கிடை அலைகளை எடுக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். சேனல்கள் இந்த இரண்டு பக்கங்களிலும் பிரிந்து கிடக்கின்றன. ஸ்பிளிட்டர் வழியாக ஒரு பொக்ஸ் 13, மற்றது 18 அனுப்பினால் 18 ஜெயித்துவிடும். மற்ற டிவியில் பொக்ஸின் மெனுவைப் பார்த்தால் சிக்னலின் பலம் நிறையக் காட்டும், தரம் மட்டும் பூச்சியமாக இருக்கும். அதைக் கண்டால் பெரும்பாலும் இந்தச் சண்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். அப்பாதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். டிவி போடவில்லையா என்று கேட்டேன். “நான் செய்தியைப் போட்டா பிள்ளையளின்ர படம் நிக்குது தம்பி. அதுகள் பாக்கட்டும்” என்றார். இரண்டு மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய பொக்ஸ் பழுது என்று சொல்லி நான் புதிது வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதையும் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். அந்த இரண்டாவது டிவி யாருடைய அறையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, தீர்வு. ட்வின் எல்.என்.பி. என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வாய் உள்ளது, ஒவ்வொரு வாயும் தனித்தனியாக 13, 18 மாற்றிக்கொள்ளும். அதற்கு இரண்டு வயர் வேண்டும். அங்கேதான் நாங்கள் முட்டிக்கொண்டு நின்றோம். அக்காவின் சுவரைத் தொடக் கூடாது, கூரையிலிருந்து பின்னறைக்கு 30 மீற்றருக்கு மேல் போகும்.

அப்போதுதான் வயரை டிஷ்ஷிடம் கொண்டுபோவதை விட்டுவிட்டு டிஷ்ஷை அறைக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று தோன்றியது. திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில், ஏறத்தாழ 81 பாகை கிழக்கில் இருக்கிறது. டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கின்றன. 83 பாகை கிழக்கில் நிற்கும் ஒன்றைப் பிடிக்க இங்கிருந்து ஏறத்தாழ 80 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும், 93.5 பாகையில் நிற்பதற்கு 72. கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. பக்கத்து வீட்டு மதிலும் மாடியும் மறைக்காது. மேலே தென்னோலை தொங்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியென்றால் டிஷ் கூரையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. (உங்கள் சேவையின் செயற்கைக்கோள் இன்னும் தள்ளி மேற்கிலோ கிழக்கிலோ இருந்தால் டிஷ் சரிந்து பார்க்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள்.)

பழைய பெயின்ட் வாளியில் இரும்புக் குழாயை நட்டுக் கொங்கிறீற் நிரப்பிக் கிணற்றடியில் வைத்தோம். அப்பாவின் அறைக்கு 7 மீற்றர் வயர் போதுமாக இருந்தது. ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரத்தால் உள்ளே விட்டோம், துளை போடவில்லை. ஹோலுக்கான வயரைத் தாழ்வாரத்தின் கீழே பீலிக் கம்பிகளில் கட்டிக்கொண்டு போனோம். குழாய் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும், சிறு சரிவு இருந்தாலும் டிஷ்ஷைத் திருப்பும்போது கணக்குத் தப்பும். நாங்கள் ஒரு மாலை முழுவதும் திருப்பினோம். மகன் ஜன்னலில் நின்று சிக்னலின் தரத்தை ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னான்.

வயரைப் பற்றி ஒன்று. ரூபவாஹினி 1982இல் வந்த காலத்தில் ஆன்டெனாவுக்குப் போட்ட மாதிரிப் பழைய வயர் வீட்டில் கிடந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். டிஷ்ஷுக்கு ஆர்ஜி-6 என்ற வகை வயர் வேண்டும். மலிவான வயரில் நடுக்கம்பி இரும்பாக இருக்கும், மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். நீளமாக இழுத்தால் 18 வோல்ட் போய்ச் சேர முன்னமே குறைந்துவிடும், கிடைப் பக்கச் சேனல்கள் மட்டும் காணாமல் போகும். நம்மூரில் அதைவிட மோசம் உப்புக் காற்று. பழைய வயரின் முனையை நான் கழற்றியபோது உள்ளே பச்சை பிடித்து, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை கறுத்துப் போயிருந்தது. கறுப்புத் தெரியாத இடம்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், நான் ஒன்றரை அடி வெட்டினேன். முனையில் அந்த வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் நின்றுவிடும். புதிதாகப் பூட்டிய பிறகு இழுத்தால் நீளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். வினாகிரி மணக்கும் சிலிக்கன் பூசாதீர்கள், அது செம்பை அரிக்கும். வயர் உள்ளே நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைத் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

“இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு, இன்டர்நெட்டில் பாருங்கள்” என்று இதற்குக் கீழே எழுத வருபவர்களுக்கு: எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. டேட்டா வாங்கி நாள் முழுக்க டிவி ஓட்ட எங்களுக்குக் கட்டாது. அப்பாவுக்கு மூன்று இலக்க எண்ணை அழுத்தத் தெரியும், அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. நிலாவெளிப் பக்கமும் இந்தப் பக்கமும் நல்ல வீடுகளை எல்லாம் சுற்றுலாக்காரருக்கு அறையாக மாற்றுகிறார்கள். சீசன் தொடங்க முன்னம் வாடகைக்காரர் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது என்ற கண்டிப்பும் அதற்காகத்தான். சுவரை நாங்கள் பழுதாக்கவில்லை, ஆறு வருடமாக வாடகை ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. இருந்தும் ஒவ்வொரு பங்குனியிலும் பயத்தோடுதான் இருக்கிறோம். வாளியில் நட்டதால் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அப்போது நான் நினைத்த கணக்கில் இருந்தது.

மழையைப் பற்றியும் கேட்டிருந்தால்: வாடைக் காற்றில் கொட்டும் மழைக்கு எந்த டிஷ்ஷிலும் படம் சற்று நேரம் நிற்கும். அந்த அலை இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான், கனத்த மழை அதை விழுங்கிவிடும். பத்து நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள். மழை விட்டு ஒரு மணித்தியாலம் ஆகியும் வரவில்லை என்றால் முனைக்குள் தண்ணீர் போயிருக்கலாம், பொக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கேயிருந்து தொடங்குங்கள்.