இது என்ன ஈ? மலைத் தோட்டங்களிலிருந்து சில கேள்விகள்

கோத்தகிரி: சார், விதைக்கு விட்ட முள்ளங்கிப் பூ மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. மஞ்சள், கறுப்புப் பட்டை. தேனீயா?

பதில்: தேனீ இல்லை, சிர்ஃபிட் ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ்கள் தெரிகின்றன, பாருங்கள். உணர்கொம்பும் குட்டை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் இறக்கை நடுவில் மெல்லிய கோடு ஒன்று, எந்த நரம்போடும் சேராமல் தனியாக ஓடுகிறது. அதுதான் பொய் நரம்பு. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அது. அதைப் பார்த்துவிட்டால் இது சிர்ஃபிட் ஈக் குடும்பம்தானா என்ற சந்தேகமே வராது. இரண்டு கண்களும் உச்சந்தலையில் ஒட்டியிருப்பதால் இது ஆண். பட்டை போட்ட இந்த வகைகளில் பலவற்றின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்ப்பவை. தயவுசெய்து மருந்து அடித்துவிடாதீர்கள்.

குன்னூர்: குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், இதய வடிவில், ரோமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்துப்பூச்சி மாதிரி இருந்தாலும் ஈதான், கடிக்காது. தண்ணீர் போகும் குழாயில் படிந்த வழவழப்பில்தான் அதன் புழு வளரும். அதைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஊட்டி: காளான் கொட்டகையில் பொடிக் கறுப்பு ஈக்கள். மேலிருந்து எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இந்தப் படம் மட்டும் போதாது. சியாரிட், போரிட் என்ற இரண்டு வகை ஈக்களும் காளானுக்கு வரும். பக்கவாட்டில் எடுங்கள். முதுகு கூனி, உணர்கொம்பு கண்ணுக்கே தெரியாமல், விட்டு விட்டு ஓடினால் போரிட். மணி கோத்த மாதிரி நீள உணர்கொம்பும், இறக்கை நடுவில் கவைக்கோல் போல் பிரியும் நரம்பும் இருந்தால் சியாரிட்.

கொடைக்கானல்: பேரிக்காய்க்குள் புழு. பக்கத்தில் பிடித்த ஈயின் வயிற்றில் ஆங்கில ‘T’ எழுத்து மாதிரி கறுப்புக் குறி. எந்த இனம், அண்ணா?

பதில்: பாக்ட்ரோசீரா பேரினத்துப் பழ ஈ. அதற்கு மேல் படத்தை வைத்துச் சொல்வது சரியில்லை தம்பி. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இனங்கள் பல உண்டு. ஈயைச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் சில நிமிடம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். குளிரில் அசையாமல் இருக்கும்போது முதுகு, பக்கவாட்டு, முகம், விரித்த இறக்கை என நான்கு படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைக்க மறக்காதீர்கள். அப்புறம், விழுந்த பழத்தை இன்றே பொறுக்கிவிடுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும்.