மறு: எல்லாச் செய்திக்கும் சந்தா வைத்துவிடலாமா?

வணக்கம் நண்பரே. மாவட்டச் செய்தித் தளம், இரண்டே நிருபர்கள், கூகுள் விளம்பர வருமானம் பாதியாகிவிட்டது, அதனால் எல்லாவற்றுக்கும் சந்தா வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நியூயார்க் டைம்ஸ்கூட 2011இல் கட்டணம் கொண்டுவந்தபோது மாதம் 20 கட்டுரைகளை இலவசமாகப் படிக்க விட்டது. படித்துப் பழகியவர்தான் பணம் கட்டுவார்.

உங்களுக்கு நியூஸ்லாண்டரியின் வழி பொருந்தும். வாசகர் சந்தாவை நம்பி ஓடும் தளம் அது. அங்கே 'என்எல் சேனா' என்று ஒரு ஏற்பாடு உண்டு: குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கென்றே வாசகர்களிடம் பணம் திரட்டுகிறார்கள். நீங்கள் சொன்ன மணல் குவாரித் தொடரை அப்படிச் செய்யுங்களேன். வண்டிக்கு பெட்ரோல், தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நகல் கட்டணம், முக்கியமாக வக்கீல் செலவு, எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வெளியிடுங்கள். செய்தியின் அடியிலேயே யுபிஐ க்யூஆர் இருக்கட்டும். அப்புறம் வரவு செலவையும் அதே பக்கத்தில் காட்டுங்கள்.

குவாரிக்காரர், கட்சிக்காரர் பணம் எவ்வளவு வந்தாலும் வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர்கள் அனுப்புவதாகச் சொன்னால், அந்நியப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும். முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். மின்தடை, மழை விடுமுறைச் செய்திகள் எப்போதும் இலவசமாகவே இருக்கட்டும்.